ஒரே சன்னம்

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது வீரையாவின் வாக்குமூலம்தான். ரேஞ்சர் படித்தார், போலீஸ்காரர்கள் படித்தார்கள், கோர்ட்டில் வக்கீல்களும் நீதிபதியும் படித்தார்கள். படிக்காதவர் வீரையா ஒருவர்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

மஞ்சூர்ப் பக்கம் ஒரு வனச்சரக அலுவலகத்தில் பதினோரு வருஷம் எழுத்தராக இருந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை, தெரிந்து உங்களுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. எனக்குச் சொந்த ஊர் கோபி. மலைக்குளிர் ஆகாது. அட்டை கடித்தால் மூன்று நாளைக்குச் சொறிந்துகொண்டே ஃபைல் பார்ப்பேன். ஆனால் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் ஏட்டை மட்டும் கெடுத்திருந்தால் பரவாயில்லை.

அந்த வாக்குமூலத்தின் தலைப்பில் இப்படி இருக்கும்: பெயர் வீரையா, தகப்பனார் பெயர் ஆண்டி, வயது சுமார் ஐம்பத்தேழு, தொழில் எஸ்டேட் காவல். நாலே விவரம். ஒரு மனுஷனுடைய ஆயுசை நாலு கோட்டுக்குள் போட்டு அடைத்துவிட்டு, பேனாவை மூடி டீ குடிக்கப் போனவன் நான். விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

வீரையா பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். எழுபத்து மூன்றில் கப்பலேறி வந்தார். கூட வந்தவை ஒரு தகரப்பெட்டி, ரெண்டு கம்பளி, கல்யாணம் ஆகி ஒரு வருஷமான சின்னம்மை. மண்டபம் முகாமில் பெயரைப் பதிந்து, அங்கிருந்து லாரியில் மலையேற்றி, மஞ்சூருக்கு மேலே ஒரு தனியார் எஸ்டேட்டில் இறக்கிவிட்டார்கள். அங்கே பதினாறு வீடு கொண்ட ஒரு வரிசை. பதினாறும் கப்பலில் வந்த குடும்பங்கள்தான்.

அதனால்தானோ என்னவோ, இங்கே வந்து இருபத்தேழு வருஷம் ஆகியும் அவர் பேச்சு மாறவில்லை. எஸ்டேட் என்று வாயில் வராது, தோட்டம்தான். லைன் வீடு என்று சொல்லமாட்டார், லயம்தான். கடமானை மரை என்பார். மஞ்சூர்க் கடைவீதியில் இதை வைத்து அவரைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. "மலையில மரை நிக்குது" என்று ஒரு நாள் அவர் சொல்லப்போக, "நட்டும் போல்ட்டும் கூட நிக்குதாங்க? உங்களுக்குத்தான் மரை கழண்டு போச்சு" என்று சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். நானும் அங்கே நின்று சிரித்தவன்தான், இல்லை என்று சொல்லவில்லை.

துப்பாக்கி அவருக்குப் பதுளையிலேயே பழக்கம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் பன்றி விரட்ட ஒரு நாட்டுத்துப்பாக்கி இருந்தது. வாய்ப்பக்கம் மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய சாமான். அதைத் துடைப்பதும் நிரப்புவதும் வீரையா வேலை. இங்கே முதலாளியிடமும் அதே மாதிரி ஒன்று லைசென்ஸோடு இருந்ததால், கொழுந்துக் காட்டுக் காவலும் துப்பாக்கியும் அவர் கைக்கு வந்தன. பன்றியைச் சத்தம் கொடுத்து விரட்டுவதோடு சரி. இருபது வருஷத்தில் அவர் பெயரில் எங்கள் ஆபீஸில் ஒரு புகார் கிடையாது.

அப்புறம் தேயிலை விழுந்தது. இரண்டாயிரமாவது வருஷம் பச்சைத் தேயிலை கிலோ நாலு ரூபாய்க்கு வந்து நின்றது. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று முதலாளி ஃபேக்டரியைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்கு இறங்கிவிட்டார். போகிற அவசரத்தில் அவர் மறந்துவிட்டுப் போனவை இரண்டு, துப்பாக்கியும் வீரையாவும். வெட்டாமல் பறிக்காமல் விட்ட தேயிலைச் செடி ஆள் உயரத்துக்கு மரமாக நின்றது. சங்கு ஊதாத காலையில் எதற்கு எழுந்திருப்பது என்று தெரியாமல் ஜனங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வயசுப் பிள்ளைகள் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் ரேஷன் அரிசியைக் கஞ்சி வைத்துக் குடித்தார்கள். தீபாவளி வந்தது. போனஸும் இல்லை, கறியும் இல்லை, எண்ணெய்ச்சட்டி அடுப்பேறவில்லை.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, எஸ்டேட்டின் கீழ்க்கோடியில் சதுப்பு ஓரம் ஒரு கடமான் இறங்குவதை வீரையா பார்த்தார். ரெண்டு நாள் யோசித்தாராம். சட்டப்படி குற்றம் என்று அவருக்குத் தெரியும். மூன்றாம் நாள் விடிகாலையில் துப்பாக்கியை நிரப்பிக்கொண்டு போனார். பதினாறு பங்கு போடுவதாகக் கணக்கு. அதில் ஒரு பங்கு அடுத்த வீட்டுச் சுப்பம்மாவுக்கு.

சுப்பம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. கொழுந்து பறிப்பதில் எஸ்டேட்டிலேயே வேகமான கை. வேலை நின்ற பிறகு விறகு பொறுக்கி மஞ்சூரில் விற்றுக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் அதே நேரத்தில் மேல்கோடியில், சீகை மரக் காட்டுக்குள், விறகுக்குப் போயிருந்தாள். கீழே சதுப்புக்கும் மேலே அவள் இருந்த இடத்துக்கும் நடுவில் நல்ல அரை மைல்.

வீரையா சுட்டார். கடமான் பத்தடி ஓடி விழுந்தது. அவர் கத்தியை எடுக்கும்போது மேலே ஒரு வெடி கேட்டது. கூடவே ஒரு பெண்பிள்ளையின் அலறல். மானை அப்படியே போட்டுவிட்டு மேட்டில் ஏறி ஓடினார். பனிமூட்டத்துக்குள் சுப்பம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் ஆள் அரவம் இல்லை. காட்டுக்கோழிக்கோ முயலுக்கோ கள்ளத்துப்பாக்கியோடு வந்த எவனோ ஒருவன், புதர் அசைந்ததைப் பார்த்துச் சுட்டுவிட்டு ஓடியிருக்கிறான். அவன் யார் என்று இன்றுவரை தெரியாது.

"அண்ணே, நீயா சுட்டே?" என்று அவள் கேட்டாளாம். "மரையைத்தான் சுட்டேன் தங்கச்சி" என்றாராம் இவர். வலியில் அவளுக்குச் 'சுட்டேன்' மட்டும்தான் காதில் விழுந்தது. அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார். தோளில் துப்பாக்கி, குழலில் மருந்து வாடை, முதுகில் ரத்தம் வடிய ஒரு பெண். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். துப்பாக்கியை அங்கேயே வீசிவிட்டு வந்திருந்தால் அவர் பாட்டுக்கு இருந்திருக்கலாம். அந்த யோசனையே வரவில்லை அவருக்கு. ஆஸ்பத்திரியில் சுப்பம்மாவின் முகத்திலிருந்தும் தோளிலிருந்தும் பொடிப்பொடியாகப் பதினொரு ஈய ரவை எடுத்தார்கள். வலது கண் போய்விட்டது.

மான் கேஸ் எங்களுடையது என்பதால் வீரையாவை முதலில் எங்கள் ஆபீஸுக்குத்தான் கொண்டுவந்தார்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது. எங்கள் ரேஞ்சரிடம் சொன்னது நிற்கும். ஆகவே நான் எழுதிய தாளுக்குத்தான் கனம் அதிகம்.

வீரையா பெஞ்சில் உட்காரவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டு, கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். "மரையைச் சுட்டது நாந்தாங்கய்யா. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. சுப்பம்மா கண்ணை மட்டும் என் பேர்ல எழுதிராதீங்க. பக்கத்து லயத்துக்காரி. நாளைக்கு நான் அவ மூஞ்சியில முழிக்கணும்."

"நீ சொல்றதை எழுதறதுக்குத்தான் இவர் உக்காந்திருக்காரு" என்று ரேஞ்சர் என்னைக் காட்டினார். "துப்பாக்கியில என்ன போட்டே?"

"மருந்துங்கய்யா. இடிக்கிற கம்பி வாய்க்கு வெளியே நாலு விரல் நிக்கிற அளவுக்கு. பன்றின்னா மூணு விரல் போதும்."

அதற்குள் உள்ளே போன் அடித்தது. "மிச்சத்தை நீ கேட்டு எழுதுய்யா" என்று ரேஞ்சர் எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அந்தப் போன் அடிக்காமல் இருந்திருக்கலாம் என்று நான் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். பழியைப் போன் மேல் போட்டால் நமக்குக் கொஞ்சம் இலேசாகத்தானே இருக்கும்.

"மருந்துக்கு மேல என்ன போட்டீங்க?" என்று கேட்டேன்.

"சன்னந்தாங்க. ஒரே சன்னம்."

எங்கள் ஊரில் மாவு மில்லிலிருந்து வந்ததும் அம்மா அதை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, "ஒரே சன்னமா இருக்குது" என்பாள். மளிகைக் கடையில் சன்ன ரவை என்று கேட்டால் பொடி ரவையை நிறுத்துக் கொடுப்பான். என் பேனா நிற்கவே இல்லை. 'மருந்துக்கு மேல் மிகவும் சன்னமான ரவை போட்டேன்' என்று முத்து முத்தாக எழுதினேன்.

அவர் பேசிக்கொண்டே போனார். பயத்தில் சிலருக்கு வாய் கட்டிவிடும், சிலருக்கு அவிழ்ந்துவிடும். இவர் இரண்டாவது ரகம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது பயமே இல்லை. தெரிந்த வேலையைப் பற்றி ஒருவர் கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்ற மரியாதை அது.

"ஈயச் சன்னந்தான் நல்லதுங்க. ஈயம் மெத்து, பட்ட இடத்துல நசுங்கி உள்ளேயே நிக்கும். இரும்புல போடுறவன் இருக்கான், அது கல்லுல பட்டாத் தெறிச்சு நம்ம மேலேயே வரும், குழலையும் கீறிரும். அப்புறம் குழலுக்கும் அதுக்கும் எடைவெளி இருக்கக் கூடாதுங்க. இருந்தா ஆடிக்கிட்டே போகும், குறி தப்பும். அதான் சன்னத்துக்குத் துணி சுத்தணும். நைலான் துணி ஆகாது, வெந்து உள்ளே ஒட்டிக்கும். புதுத்துணியும் ஆகாது, கஞ்சி வெறப்பா இருக்கும். எங்க வீட்டுக்காரியோட பழைய நூல்சீலைத் தலைப்பைக் கிழிச்சு, தேங்காயெண்ணெயில தொட்டுச் சுத்தினேன்."

இதற்கு நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'சன்னத் துணி சுற்றியதாகவும்.' ஒரு வரி. சன்னமான துணி என்று எனக்கு அர்த்தம் ஆகிவிட்டது. ரவையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எந்தப் பைத்தியக்காரனாவது துணி சுற்றுவானா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது, எனக்குப் பசி.

கடைசியாக அவர் இன்னொன்று சொன்னார். "கோழிக்குப் போடுறதை மரைக்குப் போட்டாப் பாவமுங்க. சாகாது. தோல் தடிப்பு. காயத்தோட ஓடிப்போயி, நாலு நாள் புதர்ல கெடந்து அழுகிச் சாகும். சுடுறதுன்னா ஒண்ணுல முடியணும். இல்லைன்னாச் சுடக் கூடாது." இதை நான் எழுதவே இல்லை. கேஸுக்கு வேண்டாத பேச்சு என்று விட்டுவிட்டேன். அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே பேச்சு அதுதான்.

தாளின் அடியில் வழக்கமான வரியைப் போட்டேன். 'மேற்கண்ட வாக்குமூலத்தைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடி சரியாக இருக்கிறது.' எல்லா வாக்குமூலத்தின் அடியிலும் அதைப் போடுவேன். படித்துக் காட்டுகிற வழக்கம் மட்டும் எனக்கு இல்லை. இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் தொட்டு அழுத்தி எடுத்தேன். "சுப்பம்மா விஷயம் நான் சொன்ன மாதிரி எழுதிட்டீங்கல்லங்கய்யா?" என்று கேட்டார். "எழுதியாச்சுங்க, போங்க" என்றேன்.

அவருடைய வாயாலேயே ரவை என்று வந்துவிட்டதாகப் போலீஸ் கேஸ் முடிந்துபோனது. ரெண்டு வெடிச் சத்தம் கேட்டதாக மஞ்சூரில் ஒருவர் சொன்னார். மலையில் ஒரு வெடி ரெண்டாகத்தான் கேட்கும் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். தீபாவளி நேரம் வேறு, எவன் வெடியோ என்றும் ஆகிவிட்டது. மானைப் போய்ப் பார்ப்பதற்குள் செந்நாய்கள் தின்றுவிட்டன. கொம்பும் எலும்பும் கிழிந்த தோலும்தான் கிடந்தன. பதினாறு வீட்டில் ஒரு வீட்டுக்கும் கறி போகவில்லை.

லயத்தில் நடந்தது இதைவிட மோசம். வீரையா ஒப்புக்கொண்டுவிட்டாராம், எழுத்திலேயே இருக்கிறதாம் என்று செய்தி ஏறிவிட்டது. சின்னம்மை குழாயடிக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சுப்பம்மாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். சுப்பம்மா கதவைத் திறக்கவில்லை. கஞ்சிச் சட்டியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவந்தவள், அடுத்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். ஐம்பது வயதுக்கு மேல் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை.

நான் இதையெல்லாம் கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு வருத்தம்கூட வரவில்லை. செய்ததை அனுபவிக்கிறார்கள் என்று சொன்னதாக ஞாபகம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் கால்சட்டை ஒன்றைப் பிடித்துத் தைக்கத் தையல்காரர் செலஸ்டின் கடைக்குப் போனேன். அவரும் கப்பலில் வந்தவர்தான். கடையில் எந்நேரமும் இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். "ஏனுங்க செலஸ்டின், தையல் வெளிய தெரியக் கூடாது. நல்லாச் சன்னமாப் போடோணும்" என்று சொல்லி முடிக்கவில்லை, வானொலியில் செய்தி வந்தது. துப்பாக்கிச் சன்னம் பாய்ந்து மூன்று பேர் காயம் என்றது.

"பாருங்க, ரேடியோவும் சன்னம்ங்குது" என்று சிரித்தேன்.

"அது வேற சன்னமுங்க" என்றார் அவர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "துப்பாக்கியில போடுற குண்டு. எங்க பக்கம் அதைச் சன்னம்னுதான் சொல்லுவோம்."

"பொடிசு பொடிசா இருக்குமே, அதுங்களா?"

"அதுக்கு ரவைன்னு பேரு இருக்கே. சன்னம்னாக் குண்டுங்க. ஒத்தை உருண்டை."

ஒரே கூட்டம், ஒரே வெயில் என்று நான் பேசுகிற ஒரே அல்ல அது. மனுஷன் எண்ணிக்கை சொல்லியிருக்கிறார். ஒன்றே ஒன்று போட்டேன் என்றிருக்கிறார். கால்சட்டையை வாங்கிக்கொள்ளாமல் ஆபீஸுக்கு ஓடினேன்.

ஃபைலை எடுத்தேன். மான் விழுந்த இடத்தில் நாங்கள் எடுத்த சாமான் பட்டியலில், கருகிய துணித் துண்டு ஒன்று. போலீஸ் அனுப்பிய பட்டியல் நகலில், சுப்பம்மா கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், கருகிய தேங்காய் நார் உருண்டை ஒன்று. இவர் துப்பாக்கியில் அடைத்தது துணி. அவளைச் சுட்டவன் அடைத்தது நார். ரெண்டு தாளும் நாலு மாதமாக ஒரே ஃபைலில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. நூல் கட்டி வைத்தவன் நான். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ரேஞ்சரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "கோர்ட்டுல கேட்டாச் சொல்லு. நீயா வாயைக் குடுத்து மாட்டிக்காதே. பென்ஷன் வாங்கோணுமா வேண்டாமா?" என்றார். ஒரு வாரம் தூக்கம் இல்லாமல் கிடந்துவிட்டு, வீரையாவுக்கு அரசாங்கம் வைத்துக்கொடுத்த வக்கீலைத் தேடிப் போனேன். இந்துமதி என்று ஒரு சின்னப் பெண். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இதைக் கூண்டுல ஏறிச் சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏறினேன். வார்த்தையை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று சொன்னேன். செலஸ்டினும் வந்து சாட்சி சொன்னார். அந்தக் கருகிய துணியை நீதிபதி விரித்துப் பார்த்தார். நடுவில் கோலிக்குண்டை வைத்து அழுத்தினது போல் வட்டமாகத் தடம் இருந்தது. கண் கேஸிலிருந்து வீரையா விடுதலை. மான் கேஸில் ஒரு வருஷம், அதில் உள்ளே இருந்த நாட்கள் கழிந்துபோகும். எனக்கு ஒரு மெமோ, அப்புறம் மாற்றல் உத்தரவு.

கோர்ட்டில் ஒரு கேள்வி மட்டும் என்னை யாரும் கேட்கவில்லை. அந்த அடி வரியைப் பற்றி. கேட்டுவிடக் கூடாதே என்று பழனி முருகனை வேண்டிக்கொண்டுதான் கூண்டில் நின்றேன். கேட்கவில்லை. இறங்கி வந்தபோது நல்லது செய்துவிட்டோம் என்று ஒரு பெருமைகூட இருந்தது.

ஐப்பசியில் வீரையா வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டார். நான் போய் நின்றதும் கும்பிட்டார், அதுதான் என்னை வதைத்தது. "கட... கடமானைச் சுட்டது தப்புதாங்கய்யா" என்றார். மரை என்று வரப்போன வாயைப் பிடித்து நிறுத்தி, எங்கள் வார்த்தையைத் தேடி எடுத்துச் சொன்னார். பேச்சு முழுக்க அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு தயக்கம். கடையில் கேட்கும்போதுகூட, "இதுக்கு இங்க என்னங்க சொல்லுவீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்.

"எம்மேல கோவம் இல்லீங்களா?" என்றேன்.

"உங்க ஊரு வார்த்தை எனக்குத் தெரியலை. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க" என்றார்.

சின்னம்மையை எப்போது கூட்டிவருகிறீர்கள் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கோர்ட்டு விட்டா ஆச்சுங்களா? வக்கீல் வெச்சுத் தப்பிச்சுட்டேன்னு சொல்றாங்களாம். சுப்பம்மா இன்னும் அப்படித்தான் நெனைக்குது. அது தெரிஞ்சுக்காம, எந்த மூஞ்சியோட எங்க வீட்டுக்காரியை அங்க கூப்புடுறது?"

புது ஊருக்குப் போகிறதற்கு எனக்கு மூன்று நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில், வாக்குமூலத்தின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு ஏறினேன். வீரையா பூட்டைத் திறக்காமல் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சுப்பம்மா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கூட நாலைந்து பெண்கள். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "கண் கெட்ட பிறகு" என்று வாயெடுத்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் நிமிர்ந்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க அந்த வாக்குமூலத்தை எழுதுனவன்" என்றேன். "அவரு ரவைன்னு சொல்லவே இல்லீங்க. அவரு சொன்னது வேற. எனக்குத்தான் வெளங்கலை."

"என்ன சொன்னாரு?"

"ஒரே சன்னம்னாரு. சன்னத்துக்குத் துணி சுத்தினேன்னாரு."

அவள் கையிலிருந்த துணி தண்ணீரில் விழுந்தது. மற்றப் பெண்களும் அலசுவதை நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. என்னை விட்டுவிட்டு அவள் வாசலைப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவரைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணே, ஒரே சன்னமா?"

வீரையா எழுந்து நின்றார். "ஆமா தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு. அந்த... குண்டு."

"சன்னம்னே சொல்லுங்கண்ணே. எனக்குத் தெரியாதா?" என்றாள். அழுகையில் குரல் உடைந்தது. அழுதது ஒரு கண்ணிலிருந்துதான். என் பக்கம் திரும்பியபோது அந்தக் குரல் இல்லை. "ஏய்யா, அன்னைக்கே இந்த லயத்துல ஒரு சின்னப் புள்ளையைக் கூப்புட்டுக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருக்குமே. நான் சின்னம்மை அக்காவுக்குக் கதவைத் தொறக்காம இருந்தேனே. கஞ்சியோட வந்து நின்னாங்களே."

சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்தேன்.

"எழுதி முடிச்சு இவருக்குப் படிச்சுக் காட்டுனீங்களா?"

கோர்ட்டில் நீதிபதி கேட்காத கேள்வி, வக்கீல் கேட்காத கேள்வி. படித்துக் காட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். தாளில் அப்படித்தானே இருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப இப்பப் படிங்க. அவரும் கேக்கட்டும், நாங்களும் கேக்கறோம்."

வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். நகலைப் பிரித்தேன். என் சொந்தக் கையெழுத்து எனக்கே சரியாகத் தெரியவில்லை. பெயர் வீரையா, தகப்பனார் பெயர் ஆண்டி என்று தொடங்கி, ரவையையும் துணியையும் தாண்டி, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அடி வரி வந்ததும் தாளை மடித்தேன்.

"இன்னும் ஒரு வரி இருக்கு போலிருக்கே" என்றாள் சுப்பம்மா. "அதையும் படிங்க."

படித்தேன். "மேற்கண்ட வாக்குமூலத்தைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடி சரியாக இருக்கிறது."

வீரையா தன் பெருவிரலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு, அலுவலகத்தில் நின்ற அதே மரியாதையோடு, "சரியா இல்லீங்கய்யா" என்றார்.